கோடிக்கணக்கில் செலவழித்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியும் எங்கள் ஊர் ஆறு ஏன் இன்னும் நாறுகிறது?

நகராட்சி சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல ஊர்களில் கழிவுநீரின் பெரும்பகுதி நிலையத்துக்கு வந்து சேருவதே இல்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளில் உருவாகும் கழிவுநீர் 72,368 எம்எல்டி. ஒரு எம்எல்டி என்றால் தினம் பத்து லட்சம் லிட்டர். இயங்கிக்கொண்டிருந்த நிலையங்களின் கொள்திறன் 26,869 எம்எல்டி. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 20,235 தான். ஓடுகிற நிலையங்களிலேயே நான்கில் ஒரு பங்கு சும்மா கிடந்திருக்கிறது.

உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்திருப்பார்கள். வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும், வாசலைத் தோண்ட வேண்டும், அப்புறம் மாதாமாதம் கட்டணம் வேறு. ‘செப்டிக் டேங்க்தான் இருக்கிறதே’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த டேங்கிலிருந்து வழிவதும், குளியலறை, சமையலறைத் தண்ணீரும் மழைநீர் வடிகாலில் இறங்கி நேராக ஆற்றுக்குப் போகின்றன. டேங்க் நிறைந்தால் லாரிக்காரரைக் கூப்பிடுகிறோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்று கேட்பதில்லை. கசடுக் கழிவை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குத் தமிழக அரசு 2014-இலேயே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டுவிட்டது. இருந்தும் இருட்டிய பிறகு ஓடைக்கரையில் லாரி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நிலையத்துக்குள் துணியும் பிளாஸ்டிக்கும் கம்பித் தடுப்பில் சிக்கி, மணலும் படிந்த பிறகு கழிவுநீர் காற்றூட்டும் தொட்டிக்குப் போகிறது. புளோயர் ஊதும் காற்றை வைத்துக்கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகி, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. இவை நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். நல்ல நாளில் பழுப்புத் திரள் கண் முன்னாலேயே இறங்கத் தொடங்கி, 200, 300 மில்லிக் கோட்டில் போய் நிற்கும்; மேலே தெளிந்த நீர். அதைப் பார்த்தாலே எங்களுக்கு அன்றைய கவலை பாதி தீரும். பத்து எம்எல்டிக்குக் கட்டிய நிலையத்துக்கு மூன்றுதான் வருகிறது என்றால் பாக்டீரியாக்களுக்குத் தீனி போதாது. திரள் உடைந்து பொடிப்பொடியாக மிதக்கும். வெளியே விடும் நீரும் கலங்கலாகவே போகும். காற்று ஊதும் மின்செலவோ அந்த அளவுக்குக் குறைவதில்லை.

மழைக்காலத்தில் நேர் எதிர். பாதாளச் சாக்கடை மழைநீருக்காகப் போட்டதல்ல. மொட்டை மாடித் தண்ணீரை அதில் விட்டால் நிலையம் தாங்காது. பாதி கழிவு சுத்திகரிக்கப்படாமலே வெளியேறும், வளர்த்து வைத்த பாக்டீரியாவும் அடித்துக்கொண்டு போய்விடும்.

நாப்கினையும் துணியையும் தயவுசெய்து கழிப்பறையில் போடாதீர்கள்; அவை சாக்கடைக் குழாயை அடைத்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மேன்ஹோலில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் அடைப்பு என்றால் இன்னும் ஆளைத்தான் தேடுகிறார்கள். அந்த உயிர்களுக்கு நாம் எல்லோரும் பொறுப்பு.

முதலில் உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பிறகு நகராட்சியில் கேளுங்கள்: நிலையத்தின் கொள்திறன் எவ்வளவு, தினமும் உள்ளே வருவது எவ்வளவு, இணைப்பு எடுக்காத வீடுகள் எத்தனை, லாரிகள் எங்கே கொட்டுகின்றன? வாய்மொழியாகச் சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.