பதில்: போன் மாற்றியதும் ஆன்டெனாபாடில் கேட்ட இடமெல்லாம் போய்விட்டது

பாட்காஸ்ட் கேட்கும் ஆப்பான ஆன்டெனாபாடைப் புதிய போனுக்கு மாற்றியதில் சேனல்கள் வந்துவிட்டன, ஆனால் எல்லா எபிசோடும் புதிதுபோலக் காட்டுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பழைய போனிலிருந்து நீங்கள் எடுத்தது ஓபிஎம்எல் கோப்பு, அதாவது வெறும் சேனல் பட்டியல். அதில் ஃபீட் முகவரிகள் (சேனல்களின் இணைய முகவரிகள்) மட்டுமே இருக்கும்; எது கேட்டது, எங்கே நிறுத்தியது, க்யூ வரிசை எதுவும் இருக்காது. வேறு ஆப்புக்கு மாறுபவர்களுக்குத்தான் அது சரி.

பழைய போனை இன்னும் ரீசெட் செய்யவில்லையே? நல்லது. அதில் செட்டிங்ஸ், இம்போர்ட்/எக்ஸ்போர்ட் போய் 'டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட்' கொடுங்கள். வரும் .டிபி கோப்பைப் புதிய போனுக்கு அனுப்பி, அதே இடத்தில் 'டேட்டாபேஸ் இம்போர்ட்' செய்யுங்கள். புதியதில் இப்போது இருப்பது முழுவதும் அழிந்து, பழையது அப்படியே வந்து உட்காரும், இரண்டும் கலக்காது. இடையில் புதிதாகச் சேர்த்த சேனல் இருந்தால் குறித்து வையுங்கள்.

இம்போர்ட் பிழை காட்டினால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். புதிய போனில் இருக்கும் ஆப் பழையதைவிடப் பின்தங்கிய பதிப்பாக இருந்தால் கோப்பை ஏற்காது. ப்ளே ஸ்டோரிலிருந்து எஃப்-ட்ராய்டு என்ற மாற்று ஆப் ஸ்டோருக்கு மாறுபவர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான், அங்கே அப்டேட் சற்றுத் தாமதமாக வருவதுண்டு. அப்டேட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஆடியோ கோப்புகள் இந்த பேக்கப்பில் வராது. வேண்டிய எபிசோடுகளை வைஃபையில் மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். சேனலுக்கென்று தனியாக வைத்த வேகம் வந்துவிடும்.