கேள்வி நேரம்: ஆன்லைன் டியூஷனுக்கு எது தோது?

கேள்வி: பிளஸ் டூ கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 22 பிள்ளைகள், பெரும்பாலோரிடம் போன்தான். மழைக்காலத்தில் ஆன்லைனில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஜூமா, கூகுள் மீட்டா, இல்லை மூடில் போடணுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: மூடில் (சொந்த சர்வரில் போட்டு நடத்தும் பாடத் தளம்) வேண்டாம். மென்பொருள் இலவசம்தான், சர்வர் வாடகை, பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில் விழும். குறிப்புக்கும் வீட்டுப்பாடத்துக்கும் கூகுள் கிளாஸ்ரூம் போதும், சாதாரண ஜிமெயில் கணக்கிலேயே திறக்கலாம். நேரலைக்கு இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடம், மீட் 60 நிமிடம். எனவே மீட்.

ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் டேட்டாவை. தெளிவான வீடியோ விநாடிக்கு 1.5 மெகாபிட் இழுத்தால் மணிக்கு 675 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பாடத்துக்கும் ஆன்லைன் வகுப்பு இருந்தால் கதை முடிந்தது. உங்கள் கேமராவை அணைத்து, திரையை மட்டும் பகிர்ந்து பேசுங்கள். எழுத்து மட்டுமே ஓடும் திரை என்றால் பெரும்பாலும் மணிக்கு 100 எம்பிக்குள் அடங்கும்.

போர்டில் எழுதி அதைக் கேமராவில் காட்டாதீர்கள். நெட் தளர்ந்தால் ஆப் முதலில் படத்தின் தெளிவைத்தான் குறைக்கும். X²-இல் அந்தக் குட்டி 2 காணாமல் போகும். லேப்டாப்பில் பென் டேப்லெட் (அதற்கான பேனாவால் எழுதினால் திரையில் தெரியும் பலகை) செருகி எழுதுவது நல்லது. அது இல்லையா? போனை ஸ்டாண்டில் ஓரடி உயரத்தில் கவிழ்த்து, வெள்ளைத்தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். டேட்டா கூடத்தான் செலவாகும், ஆனாலும் போர்டைவிடத் தேவலை. பால்பாயின்ட் எடுபடாது. லேப்டாப்பும் அதே வகுப்பில் இருந்தால் போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'கூ'வென்று அலறும்.

கரண்ட் போனால் ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் உதவும். வாங்குமுன் ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பாருங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட். தெருமுனையில் இருக்கும் நெட்காரர் பெட்டிக்கே கரண்ட் இல்லையென்றால் யுபிஎஸ்ஸால் பயனில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான் கதி.

கேள்வி: கூகுள் ஃபார்ம்ஸில் டெஸ்ட் வைத்தால் காப்பி அடிக்கிறார்களே?
- வாசகர், வேளச்சேரி

பதில்: அடிப்பார்கள். மற்ற பக்கங்களைத் திறக்கவிடாத பூட்டு வசதி, பள்ளி நிர்வகிக்கும் க்ரோம்புக்கில்தான் வேலை செய்யும், போனில் கிடையாது. கேள்வி வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை ஆன் செய்யுங்கள். எண்களை மாற்றி மூன்று ஃபார்ம் தயாரித்துப் பிரித்துக் கொடுப்பது அதைவிட உறுதி. கடைசி இரண்டு கணக்குக்கு மட்டும் நோட்டில் போட்ட ஸ்டெப்பைப் படமெடுத்து கிளாஸ்ரூமில் ஏற்றச் சொல்லுங்கள்.