பழைய மல்லார்டா, புதிய உற்பத்தியா? இஎல்34 ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு வாங்கும் முன்

வாசகர் கேள்வி: ஒலிபெருக்கியை இயக்கும் பவர் வால்வுகளாக (வால்வு என்பது வெற்றிடக் கண்ணாடிக் குழல்) நான்கு இஎல்34களும், அவற்றுக்கு முன்னால் சிறு சமிக்ஞையைப் பெருக்கும் நான்கு இசிசி83 வால்வுகளும் கொண்ட புஷ்-புல் வகை, அதாவது பவர் வால்வுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இயங்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறேன். இசைத்தட்டிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ பகுதி உள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் இசைத்தட்டுகளே கேட்கிறேன். பவர் வால்வுகள் நான்கும் தேய்ந்துவிட்டதாகப் பழுது பார்ப்பவர் சொல்கிறார். 1960களில் இங்கிலாந்தில் தயாரான, பயன்படுத்தாத மல்லார்டு இஎல்34 நான்கு விற்பனைக்கு வந்துள்ளன. ஸ்லோவாக்கியாவில் தயாராகும் புதிய வால்வுகளைப் போலப் பத்து மடங்கு விலை சொல்கிறார்கள். பழையவைதாம் நீடித்து உழைக்கும், ஒலியும் மேலானது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பவர் வால்வுகளுக்கு இந்த விலை கொடுக்க வேண்டாம். அளந்து, இணை சேர்த்து, உத்தரவாதத்தோடு விற்கப்படும் புதிய இஎல்34 நான்கை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, ஃபோனோ பகுதியின் முதல் இடத்திற்கு மட்டும் சோதித்துப் பார்த்த பழைய இசிசி83 ஒன்றைத் தேடுங்கள். பழைய வால்வு உண்மையாகவே பயன் தரும் இடம் அதுதான்.

பழைய வால்வுகளின் நற்பெயர் வெறும் ஏக்கத்தால் வந்ததன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் மல்லார்டும், ஜெர்மனியின் உல்ம் நகரில் டெலிஃபங்கனும், அமெரிக்காவின் ஹாரிசனில் ஆர்சிஏவும் வால்வுகளைச் செய்து குவித்த காலத்தில், அவற்றை வாங்கியவர்கள் இசை ரசிகர்கள் மட்டுமல்லர். தொலைபேசித் துறை, ராணுவம், வானொலி நிலையங்கள், கணிப்பொறி தயாரிப்பாளர்கள் என்று, வால்வு பழுதானால் வேலையே நின்றுபோகும் வாடிக்கையாளர்கள் பின்னால் நின்றார்கள். வால்வின் உயிர் அதன் கேத்தோடில் இருக்கிறது. நிக்கல் குழலின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டுகளைப் பூசி, வெற்றிடத்தில் சூடாக்கி ஆக்சைடாக மாற்றுகிறார்கள். எலெக்ட்ரான்களை உமிழ்வது அந்தப் பூச்சுதான். நிக்கலில் சிலிக்கான் கொஞ்சம் கூடினாலும் குழலுக்கும் பூச்சுக்கும் இடையே மின்தடை மிகுந்த ஒரு படலம் வளர்ந்து வால்வை முதுமையாக்கிவிடும். இந்த நுணுக்கங்களையெல்லாம் ஆய்ந்து கட்டுப்படுத்தும் அளவுக்கு அந்தத் தொழிற்சாலைகளிடம் ஆய்வுக்கூடமும் பணமும் இருந்தன. இ88சிசி போன்ற சிறப்புத் தர வால்வுகளுக்கு 10,000 மணி நேர ஆயுள் குறிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். டிரான்சிஸ்டர் வந்தபின் இந்தத் தொழில் சுருங்கியது. ஆர்சிஏ 1976இல் வால்வு உற்பத்தியை நிறுத்தியது. பிளாக்பர்னிலும் 1980களின் தொடக்கத்தில் அந்த வேலை முடிவுக்கு வந்தது. இயந்திரங்களை விடவும் அவற்றை இயக்கிய கைகளின் அனுபவம் சிதறிப்போனதுதான் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன்.

இன்று சந்தையில் கிடைக்கும் புதிய வால்வுகளில் பெரும்பாலானவை ரஷ்யாவின் சாராடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா ஆகிய இடங்களிலிருந்தே வருகின்றன. சாட்சாவில் இருப்பது ஜேஜே நிறுவனம். சாராடோவ் தொழிற்சாலை அமெரிக்காவின் நியூ சென்சார் நிறுவனத்தைச் சேர்ந்தது. மல்லார்டு, டங்-சோல், கோல்டு லயன் என்னும் பழம்பெயர்களைப் பயன்படுத்தும் உரிமையும் அந்நிறுவனத்திடமே இருக்கிறது. எனவே பெட்டியில் மல்லார்டு என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அது பிளாக்பர்ன் வால்வு ஆகிவிடாது. சாராடோவில் தயாராகும் வால்வு தன்னளவில் நல்ல வால்வாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பழைய மல்லார்டின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது. இன்றைய வால்வுகளைப் பெருமளவில் வாங்குபவர்கள் கிதார் கலைஞர்கள் என்பதால், அதிர்வைத் தாங்கும் உறுதிக்கு முதலிடம் தரப்படுகிறது. வீட்டில் இசை கேட்பவருக்கும் பவர் வால்வைப் பொறுத்தவரை இது நல்லதே. ஒன்று பழுதானால் அதே வகையை மறுபடியும் வாங்கிக்கொள்ள முடிகிறது. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் வரத்துத் தடுமாறி விலை ஏறியது உண்டு. அப்போதும் பழைய வால்வின் விலைக்கு அருகில்கூட அது செல்லவில்லை.

இனி, உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்த நான்கு வால்வுகளுக்கு வருவோம். பயன்படுத்தாதது என்பதால் மட்டும் ஒரு வால்வு புதிது ஆகிவிடாது. கண்ணாடியும் வால்வின் அடியிலுள்ள இணைப்பு ஊசிகளும் சேரும் இடத்தின் வழியாகக் காற்று மிக மிக மெதுவாக உள்ளே கசியக்கூடும், அறுபது ஆண்டு என்பது அதற்குப் போதுமான காலம். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி போல மின்னும் கெட்டர் பூச்சு, உள்ளே வரும் வாயுவை உறிஞ்சுவதற்காகவே வைக்கப்பட்டது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் வால்வு இறந்துவிட்டது என்று பொருள். வெள்ளி நிறம் அப்படியே இருந்தும் சிறிதளவு வாயு எஞ்சியிருக்கும் வால்வுதான் அதிக ஆபத்தானது. அந்த வாயு அயனியாகும்போது, வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட்டில் தலைகீழான மின்னோட்டம் பாய்கிறது. இரண்டு மைக்ரோ ஆம்பியர்தான் என்றாலும், கிரிட்டில் 470 கிலோ ஓம் மின்தடை இருந்தால் பயாஸ், அதாவது வால்வின் மின்னோட்ட அளவை நிர்ணயிக்கும் கிரிட் மின்னழுத்தம், ஏறத்தாழ ஒரு வோல்ட் மேலேறிவிடும். இஎல்34 போன்ற வால்வில் ஒரு வோல்ட் என்பது பல மில்லி ஆம்பியர் கூடுதல் மின்னோட்டம். அதனால் வெப்பம் கூடும், வெப்பத்தால் வாயு மேலும் வெளிப்படும், மின்னோட்டம் இன்னும் ஏறும். எலெக்ட்ரான்களை ஏற்கும் தகடான ஆனோடு செந்நிறமாகத் தகிப்பதைக் கவனிக்காமல் விட்டால், வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடக்கூடும். இவ்வளவையும் கடந்து நான்கும் நலமாக இருந்தாலும், அடுத்த ஆண்டு ஒன்று பழுதானால் அதற்கு இணையான ஐந்தாவதை எங்கே தேடுவீர்கள்?

ஒலியைப் பொறுத்தவரை, உங்கள் வகை ஆம்ப்ளிஃபயர்களில் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டிற்கு எதிர்மறைப் பின்னூட்டம் கொடுக்கப்பட்டிருப்பது வழக்கம். அது 20 டெசிபல் என்றால், பவர் வால்வுகள் உண்டாக்கும் ஒலிச்சிதைவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு நிறுவனத்தின் வால்வுக்கும் இன்னொன்றின் வால்வுக்கும் உள்ள வேறுபாடும் அதே அளவில் சுருங்குகிறது. வேறுபாடே கேட்காது என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த வால்வை எடுத்துவிட்டு எந்த நல்ல வால்வைப் போட்டாலும் கேட்கும் தெளிவைத்தான் பலரும் பழைய வால்வின் சிறப்பாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஃபோனோ பகுதியின் கதை வேறு. இசைத்தட்டைப் படிக்கும் ஊசியைத் தாங்கிய மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஏறத்தாழ ஐந்து மில்லி வோல்ட் மட்டுமே. அதை ஆயிரம் ஹெர்ட்ஸில் நூறு மடங்கு பெருக்க வேண்டும். இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த தாழ்ந்த சுரங்களை ஈடுசெய்ய, 20 ஹெர்ட்ஸ் அருகில் அதைவிடப் பத்து மடங்கு கூடுதலாகப் பெருக்க வேண்டும். முதல் வால்வு தானாக உண்டாக்கும் இரைச்சலும் ஹம்மும் அதே கணக்கில் பெருகும் என்பதால், அதன் கேத்தோடு எவ்வளவு தூய்மையானது, கிரிட் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டது என்பது ஒலிபெருக்கியில் நேரடியாகக் கேட்கிறது. நல்ல நிலையிலுள்ள டெலிஃபங்கன் அல்லது மல்லார்டு இசிசி83 இங்கே தரும் அமைதியைப் புதிய வால்வுகளில் பெற வேண்டுமானால் பலவற்றிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். இத்தகைய சிறு சமிக்ஞை வால்வு குறைந்த மின்னோட்டத்தில் இயங்குவதால், பல ஆண்டுகள் உழைக்கவும் செய்யும்.

வாங்கும்போது மேலே அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் அச்சிடுவது எளிது. டெலிஃபங்கனில் ஊசிகளுக்கு நடுவே, அடிக்கண்ணாடியில், சிறிய சாய்சதுரக் குறி ஒன்று வார்ப்பிலேயே பதிந்திருக்கும். பிளாக்பர்ன் வால்வில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்தில் மங்கலாக இரண்டு வரிகள் பொறித்திருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். மேல்வரியில் ஐ63 என்றும் கீழ்வரியில் பி4சி2 என்றும் இருந்தால், அது பிளாக்பர்னில், நான்கில் முடியும் ஓர் ஆண்டின் மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில் செய்த இசிசி83. எந்தப் பத்தாண்டு என்பதை உள்ளமைப்பைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். அக்கால மல்லார்டுகளில் சில, மின்சாரம் போட்டவுடன், கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டரின் முனையில் ஒரு கணம் பளிச்சென்று ஒளிர்ந்து அடங்கும். அது பழுதன்று. நம் நாட்டில் பழைய ரேடியோக் கடைகளில் கிடைக்கும் பிஇஎல் வால்வுகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பிலிப்ஸின் தொழில்நுட்ப உதவியோடு வால்வுகளைச் செய்தது. மல்லார்டும் பிலிப்ஸின் நிறுவனமே.

விற்பவரிடம் எந்தச் சோதனைக் கருவியில் அளந்தார், புது வால்வுக்கு அந்தக் கருவி எவ்வளவு காட்டும், வாயுச் சோதனை செய்தாரா என்று கேளுங்கள். ஒப்பிட ஓர் அளவு இல்லாமல் வெறும் எண்ணைச் சொல்வதில் பயனில்லை. திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டுமே வாங்குங்கள். வீட்டில் பொருத்தியபின், ஊசியைத் தட்டில் வைக்காமல் ஒலியளவை மிதமாக வைத்துப் பென்சிலால் வால்வை மெல்லத் தட்டுங்கள். மெல்லிய டொக் ஒலி இயல்பு. மணி அடித்தது போல ரீங்காரம் நீண்டால் அந்த வால்வு ஃபோனோ பகுதிக்கு ஆகாது, பின்னால் உள்ள வேறோர் இடத்தில் பயன்படும்.

புதிய இஎல்34களைப் போட்டதும் பயாஸை அமைக்காமல் பாட்டுக் கேட்க உட்காராதீர்கள். இந்த வால்வின் ஆனோடு தாங்கும் அதிகபட்சம் 25 வாட். அதில் 70 விழுக்காடு, அதாவது 17.5 வாட், பாதுகாப்பான அளவு. ஆனோடு மின்னழுத்தம் 425 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 41 மில்லி ஆம்பியர் வரும். கேத்தோடில் அளந்தால், ஸ்கிரீன் எனப்படும் இரண்டாவது கிரிட்டின் மின்னோட்டமும் சேர்ந்தே காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஹீட்டர் முனைகளில் 6.3 வோல்ட்தான் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 220 வோல்ட்டுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரை 240 வோல்ட் வரும் வீட்டில் இயக்கினால் எந்த நாட்டு வால்வானாலும் ஆயுள் குறையும். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே, வெளியிலேயே பயாஸ் அளக்கும் வசதி இல்லாத ஆம்ப்ளிஃபயர் என்றால் இந்த வேலையைப் பழுது பார்ப்பவரிடமே விட்டுவிடுங்கள். முதல் முறை அமைத்தபின் இருபது முப்பது மணி நேரம் இசை கேட்டுவிட்டு இன்னொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள்; புதிய வால்வுகள் நிலைபெறும் அந்தக் காலத்தில் மின்னோட்டம் சற்று நகர்ந்திருக்கும்.