அங்கவடியில் கால் மாட்டாமல் இருக்க

கேள்வி: 10 வயது மகள் கொழும்பில் குதிரையேற்றம் பழகப் போகிறாள். பள்ளிக்கூட விளையாட்டுச் சப்பாத்து போதுமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: போதாது, அம்மா. பிள்ளை விழுவதைவிட, கால் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியில்) மாட்டி இழுபடுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். விளையாட்டுச் சப்பாத்தில் தனியாகக் குதி இல்லை. பாதம் உள்ளே வழுக்கிப் போய்விடும். சுமார் 2 சென்ரிமீற்றர் குதியும் வழவழப்பான அடியும் உள்ள, கணுக்காலை மூடும் தோல் சப்பாத்து வாங்குங்கள். வளரும் பிள்ளைதானே என்று பெரிய அளவு வேண்டாம்.

அங்கவடி, சப்பாத்தின் அகலமான இடத்தைவிட 2.5 சென்ரிமீற்றர் அகலமாக இருக்கட்டும். பெரியவர்களுடையதில் சின்னப் பாதம் முழுதாக நுழைந்துவிடும். ஒரு பக்கம் இறப்பர் வளையம் உள்ளது சிறுவருக்கு நல்லது: கால் இழுபட்டால் வளையம் கழன்றுவிடும். அந்த வளையம் வெளிப்பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே பாருங்கள்.