லண்டன் குளிரில் கோர்ன் ஸ்னேக் குட்டியின் தொட்டியை ஆபத்தில்லாமல் சூடாக்குவது எப்படி?

லண்டனில் வசிக்கும் மட்டக்களப்புச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய பதின்மூன்று வயது மகனுக்கு ஐந்து மாதக் கோர்ன் ஸ்னேக் (நஞ்சில்லாத வளர்ப்புப் பாம்பு) குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியின் அடியில் 7 வாட் ஹீட் மேட் (மின்சாரத்தால் சூடாகும் விரிப்பு) ஒன்று இருக்கிறது. வாட் குறைவு என்பதால், சூட்டை அளந்து மேட்டைத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். தொட்டியின் சுவரில் ஒட்டியுள்ள வெப்பமானியோ 23 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறுவதில்லை. குளிர்காலம் நெருங்குவதால் இன்னொரு மேட் வாங்கி வைக்கலாமா என்பது அவருடைய முதற் கேள்வி. கல்லடியில் இருக்கும் மகனின் மச்சானும் இப்படி ஒன்று வளர்க்க ஆசைப்படுகிறான், அங்கே சூடாக்க வேண்டுமா என்பது இரண்டாவது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊருக்கு வரும்போது பாம்பைத் தனியே விட்டு வரலாமா என்பது மூன்றாவது.

நான் மட்டக்களப்பில் மின்சார வேலை செய்பவன். லண்டனில் இருந்த காலத்தில் கோர்ன் ஸ்னேக் வளர்த்தும் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்னொரு மேட் வைக்க வேண்டாம். இப்போது இருக்கும் மேட்டையும் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கும்வரை அணைத்துவிடுங்கள். அதுவரை அறையை 22 முதல் 24 பாகைக்குள் வைத்துக்கொண்டு, குட்டிக்கு இரை கொடுக்காமல் இருங்கள். ஆரோக்கியமான கோர்ன் ஸ்னேக் குட்டிக்குச் சில நாட்கள் அப்படி இருப்பதால் கேடு வராது. கட்டுப்பாடில்லாத மேட்டின் மேல் ஓர் இரவு கிடப்பதால் கேடு வரலாம்.

சுவரிலுள்ள வெப்பமானி காட்டும் 23 பாகை பொய்யல்ல. ஆனால் அது உங்களுக்குத் தேவையான கணக்கும் அல்ல. ஹீட் மேட் காற்றைச் சூடாக்குவதற்கான கருவியன்று. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியையும், அந்தக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் உடலையுமே அது சூடாக்கும். தொட்டியின் நடுச் சுவரில் 23 பாகை இருக்கும் அதே நேரத்தில், மேட்டுக்கு நேர் மேலேயுள்ள தரைக் கண்ணாடி 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். கோர்ன் ஸ்னேக் நிலத்தைத் துளைத்து ஒளியும் பழக்கமுள்ள பாம்பு. நீங்கள் பரப்பியிருக்கும் மரச்சீவலின் மேற்பரப்பு இதமாக இருந்தாலும், குட்டி அதைக் கிளறி அடிக்கண்ணாடிக்குப் போய்த்தான் சுருண்டு கொள்ளும். ஆகவே அளக்க வேண்டிய இடம் சுவருமன்று, சீவலின் மேற்பரப்புமன்று. சீவலை விலக்கிய பின் தெரியும் அந்தக் கண்ணாடித் தரைதான்.

7 வாட் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. வாட் என்பது ஒரு பொருள் எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதை மட்டுமே சொல்லும். எந்த வெப்பநிலைக்கு ஏறும் என்பதைத் தீர்மானிப்பது, அந்த வெப்பம் எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதுதான். திறந்த வெளியில் தொங்கவிட்ட மேட்டைத் தொட்டால் இளஞ்சூடாகத்தான் இருக்கும். அதையே மேசைக்கும் தொட்டிக்கும் நடுவில் இடைவெளியில்லாமல் நெருக்கி, மேலே தடிப்பாகச் சீவலைப் பரப்பி, அதன்மேல் கனமான தண்ணீர்க் கிண்ணத்தையோ தட்டைக் கல்லையோ வைத்தால், போக வழியில்லாத வெப்பம் அங்கேயே சேர்ந்து வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். சுருண்டு கிடக்கும் பாம்பின் உடலும் அதே போல வெப்பத்தை அடைத்துவிடும். எனவே சூடான பக்கத்தில் சீவலை மெல்லியதாக, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்புங்கள். தொட்டிக்கு அடியில் சிறு கால்கள் வைத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மறுமுனைக்கு மாற்றுங்கள். மேட்டை மடிக்கவோ ஓரத்தை வெட்டவோ கூடாது.

சூடு அதிகமானால் பாம்பு தானே விலகிப் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களூரில் கோழிக்குஞ்சுப் பெட்டியில் மின்குமிழ் போட்டால், சூடு கூடியதும் குஞ்சுகள் எல்லாம் மூலைக்கு ஓடிவிடும். அதைப் பார்த்தே மின்குமிழை உயர்த்துவோம். பாம்பிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. அடியிலிருந்து வரும் சூட்டில் வயிறு வெந்துபோகும்வரை பாம்பு அசையாமல் கிடப்பது, ஊர்வன பார்க்கும் விலங்கு வைத்தியர்கள் அடிக்கடி காணும் காயங்களில் ஒன்று. உள்ளே மின்கம்பி சுற்றிய செயற்கைப் பாறைகளை வாங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

தெர்மோஸ்டாட் வாங்கும்போது, மேட்டுக்குச் சாதாரண ஒன்–ஓஃப் வகையே போதும். விலை கூடிய வகை தேவையில்லை. அதன் உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேட்டுக்கும் தொட்டியின் அடிக்கண்ணாடிக்கும் இடையில், வெளியே, மேட்டின் நடுப்பகுதியில் அதை வையுங்கள். தொட்டிக்குள் வைத்தால் குட்டி அதை இழுத்துக் குளிர்ப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம், அல்லது கிண்ணத்துத் தண்ணீர் சிந்தி அது நனையலாம். இரண்டு வேளையிலும் உணரி குளிரை உணர்ந்து, மேட்டை நிறுத்தாமல் எரியவிடும். வெளியே இருக்கும் உணரி மேட்டின் சூட்டை நேரடியாக அளப்பதால், தெர்மோஸ்டாட்டின் திரையில் தெரியும் எண்ணும் உள்ளே தரையில் இருக்கும் வெப்பமும் ஒன்றாக இருக்காது. அதனால் தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் முனையைத் தரைக் கண்ணாடியில் வைத்து அளந்து, அங்கே 29 முதல் 30 பாகை வரும்வரை தெர்மோஸ்டாட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். 32 பாகையைத் தாண்ட விடக்கூடாது. குளிர்ப் பக்கம் 22 முதல் 24 வரை இருப்பது நல்லது. இரவில் 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பாம்பு, மாறாத ஒரே சூட்டில் வாழும் உயிரினம் அல்ல. சூடான இடத்துக்கும் குளிரான இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். மேட் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு கூடு வையுங்கள். சூடான பக்கத்தில் மட்டும் ஒளிவிடம் இருந்தால், பயந்த குட்டி உடல் சூடேறினாலும் வெளியே வராது.

தொட்டிக்குள் வயரையோ வெப்பமானியையோ ஒட்டுவதற்கு ஒட்டுநாடாவை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட பாம்புக்குட்டியைப் பிரித்தெடுக்கும்போது தோல் கிழிந்துவிடும். வயர் போகும் துளையையும் கவனியுங்கள். இந்த வயதுக் குட்டிக்கு உங்கள் சுண்டுவிரல் நுழையும் ஓட்டையே தாராளம்.

இனி மின்சாரப் பக்கம். பிரித்தானியப் பிளக்குக்குள் பியூஸ் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேட்டின் மெல்லிய வயருக்கு 13 ஆம்பியர் பியூஸ் பாதுகாப்புத் தராது. வயர் உருகிய பிறகும் அது எரியாமல் இருக்கலாம். 3 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி உறுதிசெய்யுங்கள். நீட்டிப்புப் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைக்காமல், வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை தாழ்ந்து பிறகு மேலேறும்படி விடுங்கள். சிந்திய தண்ணீர் வயர் வழியே வந்தாலும் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

தெர்மோஸ்டாட்டும் பழுதாகும் பொருள்தான். உள்ளேயுள்ள ரிலே எனும் மின்சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டால், அது மேட்டை அணைக்க முடியாமல் தொடர்ந்து எரியவிடும். அந்த நிலையிலும் குட்டி பிழைக்கக்கூடிய அளவுக்குச் சிறிய மேட்டாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. இரண்டாவது மேட்டை நான் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். சூடு எல்லை மீறினால் ஒலி எழுப்பும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். மகன் ஒவ்வொரு மாலையும் தரை வெப்பத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். ஆனால் பொறுப்பு உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம்: இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்க முடியாது, அந்தப் பிள்ளையின் வளர்ப்புப் பிராணிக்குச் சட்டத்தின் முன் பொறுப்பானவர் பெற்றோரே.

குளிர்காலத்தில் அறையே 18 பாகைக்குக் கீழே போனால் மேட்டால் மட்டும் சமாளிக்க முடியாது. அப்போது மேட்டின் சூட்டைக் கூட்டுவதற்குப் பதிலாக அறையைச் சூடாக்குங்கள், அல்லது தொட்டியை வெளிச்சுவரிலிருந்தும் யன்னலிலிருந்தும் தள்ளி உட்சுவரோரமாக வையுங்கள். ரேடியேற்றருக்குப் பக்கத்திலும் வேண்டாம். செராமிக் ஹீட்டர் மேலிருந்து காற்றையும் சூடாக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மேற்பரப்பு 200 பாகையைத் தாண்டும், பிளாஸ்டிக் ஹோல்டரில் போட்டால் ஹோல்டர் உருகும், கம்பிக்கூடு இல்லாமல் வைத்தால் பாம்பு அதன்மேலேயே ஏறும். குட்டி வளர்ந்து பெரிய மரக்கூட்டுக்கு மாறும்போது அதை யோசிக்கலாம். மின்வெட்டு வந்தால் தொட்டியைப் போர்வையால் சுற்றி, துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றைத் தொட்டியின் வெளிப்புறத்தில் சாய்த்து வைப்பது போதும். ஓரிரவுக் குளிரை இந்தப் பாம்பு தாங்கும்.

வெப்பம் சரியாகி இரண்டு மூன்று நாட்கள் மாறாமல் இருந்த பின்பே இரை கொடுங்கள். குளிரில் கிடக்கும் பாம்பால் விழுங்கிய எலிக்குஞ்சைச் செரிக்க முடியாது, கக்கிவிடும். அப்படிக் கக்கினால் குறைந்தது பத்து நாட்கள் விட்டு, முன்னையதிலும் சிறிய இரையைக் கொடுங்கள். வயிற்றுச் செதில்கள் சிவந்தோ பழுப்பாகியோ கொப்பளித்தோ தெரிந்தால் வீட்டு மருந்து எதையும் தடவ வேண்டாம்; ஊர்வன பார்க்கும் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூக்கில் குமிழி வருவதும் தொட்டி குளிராகவும் ஈரமாகவும் இருந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதற்கும் வைத்தியரே வழி.

கல்லடி மருமகனுக்கு நான் சொல்லக்கூடியது சுருக்கமானது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இருக்கையில், வெளிநாட்டுப் பாம்பை அனுமதியின்றிக் கொண்டுவரவோ, வயலில் பிடித்த வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) குட்டியை வீட்டில் வைத்திருக்கவோ முடியாது. வெங்கிணாந்திக் குட்டி என்று நினைத்துத் தொட்டது கண்ணாடி விரியனாக இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டின் முதுகுத் திட்டுகளும் பழக்கமில்லாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் இப்படி எதையாவது கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. சூட்டைப் பற்றி மட்டும் சொல்வதானால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தகரக் கூரையின் கீழ் ஒரு கண்ணாடித் தொட்டியைக் குளிர்விப்பதுதான் பாடாக இருக்கும்.

ஆடி அமாவாசைக்கு வரும்போது பாம்பைத் தனியே விட்டு வர வேண்டாம். இரையில்லாமல் இரண்டு கிழமை இருப்பது அதற்குப் பெரிய சிரமமல்ல. ஆனால் தண்ணீரும் வெப்பமும் நாள்தோறும் பார்க்கப்பட வேண்டும். லண்டன் கோடையை நம்பவும் முடியாது: 2022 யூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 பாகை பதிவானது. தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்குமே தவிர அறையைக் குளிர்விக்காது. 35 பாகைக்கு மேல் போன தொட்டியில் குட்டி நெடுநேரம் பிழைக்காது. தெரிந்த ஒருவர் வீட்டில் தொட்டியோடு கொண்டுபோய் வைத்து, தரை வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும், அறை 30 பாகையைத் தாண்டினால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டியை வீட்டின் மிகக் குளிரான அறைக்கு மாற்ற வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தொட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.