பக்கத்தை பின் செய்த பிறகும் தனியாக லாக் எதற்கு?

தரவுத்தளம் நினைவகத்துக்குக் கொண்டுவந்த ஒரு பக்கத்தை 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று எண்ணி வைப்பதுதான் பின். பின் செய்தால் அந்தப் பக்கம் நினைவகத்தை விட்டுப் போகாது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பைட்டுகளை வேறொரு பிராசஸ் மாற்றுவதை அது தடுக்காது, அதற்குத்தான் லாக். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பக்கம் 8 கிலோபைட். பக்கங்களை வைக்கும் பொது நினைவகமான ஷேர்ட் பஃபர்ஸின் அளவை நீங்கள் மாற்றாவிட்டால் 128 மெகாபைட், அதாவது தலா ஒரு பக்கம் பிடிக்கும் 16,384 பஃபர்கள். எந்தப் பக்கம் எந்த பஃபரில் என்று சொல்லும் ஹேஷ் டேபிளுக்கு 128 பார்ட்டிஷன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி லாக். தேடிய பக்கம் கிடைத்தால், அந்த லாக்கை விடுவதற்கு முன்பே பின் எண்ணிக்கையைக் கூட்டிவிட வேண்டும். வரிசை மாறினால் வம்புதான்: அந்த இடைவெளியில் பஃபருக்குள் வேறு பக்கம் வந்து உட்கார்ந்துவிடும், நீங்கள் சம்பந்தமில்லாத டேபிளைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

படிக்க ஷேர்ட் லாக், மாற்ற எக்ஸ்க்ளூசிவ் லாக். ஆனால் டேபிளின் ஒரு வரிசை (ரோ) உங்கள் டிரான்சாக்‌ஷனுக்குத் தெரியக்கூடியதுதான் என்று உறுதியான பிறகு லாக்கை விட்டுவிட்டு, பின்னை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கலாம். அப்டேட் பழைய வரிசையின் தரவை அழித்து எழுதுவதில்லை, புதிய பிரதியைத்தான் சேர்க்கிறது என்பதால் இது செல்லும். தேவையற்ற பழைய பிரதிகளை நீக்கி, வரிசைகளை நகர்த்தி இடத்தை ஒழுங்குபடுத்தும் வேக்குவமுக்கு மட்டும் எக்ஸ்க்ளூசிவ் லாக் போதாது. பக்கத்தில் தன் பின்னைத் தவிர வேறு பின் இருக்கவே கூடாது. குவெரியின் முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க உதவும் கர்சரைப் பாதியில் திறந்து போட்டுவிட்டுப் போனால் சாதாரண வேக்குவம் அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்யாமல் தாண்டிப்போவது இதனால்தான்.

மாற்றம் செய்யும்போது படிகளின் ஒழுங்கு இது: எக்ஸ்க்ளூசிவ் லாக், பக்கத்தில் மாற்றம், டர்ட்டி (டிஸ்கில் இன்னும் எழுதப்படாதது) என்று குறி, டபிள்யூ.ஏ.எல். (மாற்றங்களின் குறிப்பேடு) பதிவு, அந்தக் குறிப்பேட்டில் பதிவின் இடத்தைச் சொல்லும் எண்ணான எல்.எஸ்.என்.-ஐப் பக்கத்தில் எழுதுதல், பிறகே லாக்கை விடுதல். டர்ட்டி குறியைப் பதிவுக்குப் பின் தள்ளினால் என்ன என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவே, டர்ட்டி பக்கங்களையெல்லாம் டிஸ்கில் எழுதும் செக்பாயிண்ட் தொடங்கினால், குறி இல்லாத அந்தப் பக்கத்தை அது எழுதாமல் விட்டுவிடும். கிராஷ் ஆனால் மீட்பு அந்தச் செக்பாயிண்டிலிருந்து தொடங்கும். பதிவோ அதற்கு முன்னால் கிடக்கும். மாற்றம் போயே போச்சு. அதேபோல், பக்கத்தை டிஸ்கில் எழுதுமுன் அதன் எல்.எஸ்.என். வரைக்குமான டபிள்யூ.ஏ.எல். முழுதும் டிஸ்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

புதிய பக்கத்துக்கு இடம் வேண்டி பழையதை வெளியேற்றுவது எளிது. ஒவ்வொரு பஃபருக்கும் 5 வரை ஏறும் பயன்பாட்டு எண்ணிக்கை. கடிகார முள் போல பஃபர்களைச் சுற்றிவரும்போது அது ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யமும் ஆகி, பின்னும் இல்லாதது வெளியே போகும்.

சி மொழியில் எக்ஸ்டென்ஷன் (போஸ்ட்கிரஸோடு சேரும் கூடுதல் நிரல்) எழுதுபவர் பின்னை விட மறந்தாலும் டிரான்சாக்‌ஷன் முடிவில் போஸ்ட்கிரஸே விடுவித்து, பின் விடப்படவில்லை என்று எச்சரிக்கும். சர்வரின் பதிவுக் கோப்பில் அந்த எச்சரிக்கை தென்பட்டால் அலட்சியம் வேண்டாம். ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் லூப்பில் பின்கள் விடப்படாமல் கசிந்தால் பின் இல்லாத பஃபரே மிஞ்சாமல் போய் குவெரிகள் பிழையோடு நிற்கும்.