கணக்கை விட்டால் பந்தும் போகும்

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டான், கூடைப்பந்துப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று அல்ஜீப்ரா 2 கணக்கு வகுப்பை விடப் பார்க்கிறான், அவன் அப்பாவோ பந்தைத் தூக்கிப் பரணில் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது சான் அன்டோனியோ. அங்கே, உங்கள் ஊர் ஸ்பர்ஸ் அணிக்கு ஆடிய கூடைப்பந்து நட்சத்திரம் டேவிட் ராபின்சனைத் தெரியாதவர் இருக்க மாட்டார். அவரை வைத்தே பேசுவோம்.

உயர்நிலைப் பள்ளியில் அவர் கூடைப்பந்து ஆடியது கடைசி ஒரு வருடம்தான். கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1320 எடுத்து, அனாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படை அகாடமியில் கணிதம் படிக்கப் போனார். சேரும்போது ஆறரை அடி உயரம் இருந்தவர், படித்து முடிப்பதற்குள் ஏழடி அளவுக்கு வளர்ந்துவிட்டார். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1987 டிராஃப்டில் ஸ்பர்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. உடனே ஆட முடியவில்லை. அகாடமியில் இலவசமாகப் படித்ததற்கு ஈடாகக் கடற்படையில் வேலை பார்க்க வேண்டும். வழக்கமாக ஐந்து வருடம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு கப்பலில் என்ன செய்வது என்று அவருக்கு இரண்டாகக் குறைத்தார்கள். ஜார்ஜியாவில் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு 1989இல் ஆட வந்தார். முந்தைய சீசனில் 21 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த அணி, அவர் வந்த சீசனில் 56 வென்றது.

இதைக் காட்டி அப்பா, “பார், படித்தவன்தான் ஜெயித்தான்” என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த உயரம் படித்து வந்ததல்ல!

பையனுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. 1996-97 சீசனில் முதுகிலும் பாதத்திலும் அடிபட்டு ராபின்சன் ஆடியது ஆறே ஆட்டம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அப்படி. 2003இல் இரண்டாவது கோப்பையோடு ஓய்வு பெற்றபோது வயது 37. நம் வீடுகளில் அந்த வயதில் வீட்டுக் கடனே பாதிதான் அடைந்திருக்கும். ஆடிக்கொண்டிருந்தபோதே, 2001இல், உங்கள் ஊரில் கார்வர் அகாடமி பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஓய்வுக்குப் பிறகு பங்குதாரரோடு சேர்ந்து ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கினார்; முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

சரி, அல்ஜீப்ராவுக்கு வருவோம். பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்று பிரிவுகளில் மேலான முதல் பிரிவில் ஆட வேண்டுமானால், பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அதில் ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று வருடம். கணக்கில் அல்ஜீப்ரா 1க்குக் கீழே எதுவும் சேராது. அந்தப் பாடங்களில் நான்குக்குச் சராசரி 2.3 ஆவது வேண்டும். 16இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் வாங்கிய மதிப்பெண்ணை அப்புறம் திரும்ப எழுதி ஏற்ற முடியாது. ஆக, பயிற்சியாளரே வந்து கேட்டாலும் அந்த வகுப்பை விடச் சம்மதிக்காதீர்கள்.

இந்த வாரமே பள்ளி ஆலோசகரிடம் போய், என்சிஏஏ ஏற்கும் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பையனையும் கூட்டிப் போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது என்பதையும் அவன் காதில் போட்டு வையுங்கள். அங்கே மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான் பணம் தருவார்கள். அப்பாவிடம் இப்போதைக்குப் பரண் பேச்சை மட்டும் நிறுத்தச் சொன்னால் போதும்.